ஙகரத்துக்குப் படம் இல்லை

சுவர்ச் சார்ட்டில்
க-வுக்குக் கப்பல், ச-வுக்குச் சக்கரம்.
ங-வின் கட்டம் மட்டும் காலி.
"ங-வுக்கு என்னங் மிஸ்?" என்று கேட்டான் தர்ஷித்.
கேள்வியிலேயே பதில் இருந்தது,
எனக்குத்தான் காது கேட்கவில்லை.

திருப்பூரில் ங சொல்லுக்கு முன்னால் நிற்பதில்லை;
பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
சொல்லுங், இல்லீங், சரிங்.
பதினோரு நாள் பிள்ளையிடம் போய்
"பால் குடிச்சிட்டீங்களா சாமி" என்று கேட்கிற ஊர்.
அறந்தாங்கியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புதிதில்
அதைக் கேட்டுக் குளியலறையில் அழுதிருக்கிறேன்.
என்னை எவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
பெஞ்சடியில் சிந்திய தயிர்சோற்றைக் காட்டி
தர்ஷித் விரல் நீட்டினான்:
"ஏ மாரா, இதத் தொடை."
மாராத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது.
அவன் டவுசர் பட்டனைப் போட்டுவிடுகிறவள்.
துடைத்தாள். சிரிக்கவும் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை மொத்த எல்.கே.ஜி.யும் பார்த்தது.

சாரி சொல்லச் சொன்னேன்.
சொன்னான்.
இந்த வயதில் சாரி, சளி மாதிரி,
தானாக வந்து தானாகக் காய்ந்துவிடும்.

நாலு மணிக்கு, காரை நிறுத்தி இறங்கிய அவன் அம்மா
"வாங் மிஸ், நல்லா இருக்கீங்களா?
தம்பி சாப்பிட்டானுங்ளா?"
அதே மூச்சில், கழுத்தைத் திருப்பாமல்:
"மாரா, பேக்கக் கொண்டாந்து வண்டில வை."

ஓ, இங்கேதான் நடக்கிறதா வகுப்பு.
ராத்திரி தோசைக் கரண்டியை ஆட்டி ஆட்டி
கணவரிடம் அவளைப் பற்றிப் பேசினேன்.
கோபம் ருசியாக இருந்தது.

மறுநாள் மழை. பிள்ளைகள் உள்ளேயே
ஸ்கூல் விளையாட்டு விளையாடினார்கள்.
யாழிசைதான் மிஸ்.
என் நோட்டை நெஞ்சோடு அணைத்தாள்,
இல்லாத கண்ணாடியை மூக்கில் மேலேற்றினாள்,
அட்டென்டன்ஸ் எடுத்தாள்.
"தர்ஷித்."
"பிரசன்ட் மிஸ்."
"சஞ்சனாஸ்ரீ."
"பிரசன்ட் மிஸ்."
என் இழுப்பு, என் இருமல்.
கடைசியில், என் குரலேதான்:
"அப்பறம்... அந்த இந்திப் பாப்பா வந்திருக்குதா?"

மூலையிலிருந்து லிப்ஸா கை தூக்கினாள்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்,
அப்பா கட்டிங்.
வீட்டில் பேசுவது ஒடியா.
இந்தி எனக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும்.
ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது,
என் கையெழுத்தில், நீல மையில்.
மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று
நானும் சொல்லலாம். கார்க்காரம்மாவும் சொல்வாள்.

வியாழக்கிழமை வாசலில் நின்று
"வாங்க லிப்ஸா" என்றேன்.
பின்னால் யார் வருகிறார்கள் என்று
அவள் திரும்பிப் பார்த்தாள்.
பின்னால் வந்தது சீமாறோடு மாராத்தாள்.
அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் வாங்க.
சில நாள் அடித்துக்கொண்டே வாங்க, போங்க.
பென்சில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு
"குடுங்கடா" என்றும் ஒருவன் சொன்னான்.

நேற்று கேட்டில்,
"மாராக்கா, பேக்" என்றான் தர்ஷித்.
"ஆருங் சாமி அக்கா?" என்று சிரித்தாள் அவன் அம்மா.
மாராத்தாளும் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
நடுவில் நின்று
மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்,
வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு.