மெத்தை ஏற்றிய வான்

ஐப்பசி இரண்டாம் கிழமை.
பள்ளிப்பிள்ளைகள் போய்வந்த பழைய ஹையேஸில்
சீற்றுகளைக் கழற்றிவிட்டு
மெத்தை, காஸ் குக்கர், இரண்டு சட்டி,
ஒரு கான் தண்ணி ஏற்றினோம்.

முன்வீட்டு அருந்தவம் படலையில் நின்று
கன நேரம் பார்த்தா.
பிறகு மெல்ல,
"என்ன பிள்ளை, திரும்பவும் ஏதும் தொடங்கிட்டுதோ?"

இல்லை அன்ரி.
சும்மா போறம்.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் முதல் இரவு.
மழை தலைக்கு ஒரு சாண் மேலே.
கதவு ரப்பரால் ஒழுக
யூட் தேத்தண்ணிக் கோப்பையை ஏந்தி வைத்தான்.
நிரம்பும்போதெல்லாம் நான் எழும்பி ஊற்றினேன்.
கதவின் உட்புறம் காம்பசால் கீறிய பெயர்:
நிலக்சன், ஏழாம் வகுப்பு.

விடிய மணற்காடு.
சவுக்குகளுக்குள்ளால் நடந்தோம்.
ஈரமணல் காலை இறுக்கிப் பிடித்து
மனமில்லாமல் விட்டது.
மணல் மூடிய கோயிற் சுவரோரம்
ஒரு மறியாடு ஒதுங்கி நின்றது.
வாடைக்குப் பயந்து வள்ளங்கள்
கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன.

வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"ஆரைத் தேடி வந்தனீங்கள்?"
ஒருதரையும் இல்லை என்றோம்.
அவருக்கு அது பதிலாகப் படவில்லை.
ஆனாலும் கடலைக் காட்டி,
அங்காலை நடவுங்கோ, சங்கு ஒதுங்கியிருக்கும் என்றார்.

சங்கு இல்லை.
ஒரு காற்செருப்பு, கொஞ்சம் பாசி,
கால் நனைக்கும் தூரத்தில் இரண்டு உள்ளான்கள்.

பின்னேரம் அருந்தவம் போன் எடுத்தா.
"கொடியில கிடந்த உடுப்பு எடுத்து வைச்சிருக்கிறன்.
எப்ப வாறியள்?"

ஞாயிறு, விளக்கு வைக்க முதல்.

அங்கால் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"அடுத்தமுறை
ஒரு சீற்றைக் கழற்றாமல் விடுங்கோ."