ஒரு நூல், இரண்டு ஊசி

கீழக்கரையில் எங்கள் பட்டறைக்குக் கதவு ஒன்றுதான்.
பங்கு பிரித்த வருசம்
கலந்தர் மச்சான் வலப்பக்கத்தை எடுத்தார்,
இவர் இடப்பக்கத்தை.
கிணறு பொது. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி பொது.
பேச்சை மட்டும்
யாரும் பத்திரத்தில் எழுதவில்லை;
அது யாருக்கும் இல்லாமல் போனது.

சேணம் தைக்க ஊசி இரண்டு, நூல் ஒன்று.
குத்தூசி போட்ட துளைக்குள்
இந்தப் பக்க ஊசி போகும்;
அதே துளை வழியே
அந்தப் பக்க ஊசி வரும்.
ஒற்றையாளாய்த் தொடையிடுக்கில் வைத்துத் தைக்கிறவர்கள் உண்டு.
இவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் கை ஓடும்.
மச்சானுக்கு இடக்கை.
அதனால் எங்கள் தையல் சாய்கிற மாதிரி
தொண்டி வரைக்கும் வேறு தையல் சாயாது.

பதினோரு மாதமாய்
நூலை இழுக்க ஓர் இருமல்.
அறுந்தால் இரண்டு.
மெழுகு தேய்த்துக் கொடுக்கிற எனக்கு
எது யார் இருமல் என்று
தூக்கத்திலும் தெரியும்.

ஏர்வாடியிலிருந்து வந்தது அந்தப் பெண்குதிரை,
மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு.
'யாரையும் ஏறவிட மாட்டேங்குது' என்றான்
ஓட்டி வந்த லெப்பைத்தம்பி.
கொக்கியெல்லாம் உப்புக்காற்றில் பூத்திருந்த
பழைய சேணத்தைத் தூக்கினால்
முதுகில் புளியங்கொட்டை அளவு புண்.
அதன்மேல் ஈ.

மச்சான் குதிரையின் காதருகே போய்ச் சொன்னார்:
'உள்மெத்தையில அந்த இடத்தை வெட்டி எடுக்கணும், தங்கம்.'
இவர் வால்பக்கம் நின்று சொன்னார்:
'எடுத்தா வார் ஒரு துளை இறங்குமே, தங்கம்.'
'இறங்கட்டும்.'
'தோல் பத்தாது.'
'என் பங்குல கிடக்கு.'

குதிரை
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.
பிறகு நிதானமாக, நீளமாக
மூத்திரம் பெய்தது.
சிரிப்பை அடக்க
மெழுகுக் கட்டியைக் கடித்தேன்;
பல்லெல்லாம் தேன் வாசம்.

அசர் பாங்குக்கு முன்
கடைசித் துளை.
மூன்று தையல் பின்னுக்குப் போய்
நூலை அறுக்க வேண்டும்.
இரண்டு முனையும் ஒரே நீளத்தில் நின்றன.
யாரும் கத்தியை எடுக்கவில்லை.
நான்தான் அறுத்தேன்.

ஏறிய தம்பியைக் குதிரை தள்ளவில்லை.
கூலி ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று.
எழுநூற்று ஐம்பது அங்கே,
எழுநூற்று ஐம்பது இங்கே.
மிச்சக் காசைத் தொட்டிக் கல்லில் வைத்தேன்.

காலையில் அது அங்கேயே இருந்தது,
பனியில் நனைந்து.
உள்ளே ஓர் இருமல்.
இது யாருடையது என்று
எனக்கே பிடிபடவில்லை.
நூலை எடுத்துக்கொண்டு போனேன்.