மஞ்சள் வராத குழி

நிறம் வந்தால் தோல்வி.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
இதைப் பழக்கிக்கொள்ளவே நாளாயிற்று.
தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
எலிக்குடலிலிருந்து எடுத்த நொதியை
குழிக்கு ஒரு சொட்டு விடுவேன்.
அது சர்க்கரையைக் கடித்துவிட்டால் மஞ்சள்.
கடிக்க முடியாமல் போனால்
குழி தண்ணீராகவே கிடக்கும்.
எதுவும் நடக்காத குழியைப் பார்த்துக்
கைதட்டுகிற தொழில் என்னுடையது.

ஃபெர்கானாவில் வாய்க்கால்தோறும் மல்பெரி.
இலையைக் கிள்ளினால் பால் வடியும்,
விரலோடு விரல் ஒட்டும்.
அந்தப் பாலில் ஒரு பொய்ச் சர்க்கரை.
ஆக்சிஜன் இருக்கவேண்டிய மூலையில்
நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது,
ஏமாற அது போதும்.
நொதி ஆசையாய் வாயைத் திறந்து கவ்வும்.
பிறகு மெல்லவும் முடியாது, துப்பவும் மனம் வராது.
நிஜச் சர்க்கரை பின்னால் வரிசையில் நிற்கும்.

மரம் இதை என் கணவனுக்காகச் செய்யவில்லை.
இலை தின்ன வந்த புழுக்களுக்காகச் செய்தது.
தின்றவை செத்தன.
ஒன்று மட்டும் தன் வாசலின் பூட்டை மாற்றிக்கொண்டு
இன்னும் தின்கிறது.
ஏப்ரல் வந்தால் அந்த ஒன்றுக்கு
எங்கள் பெரிய அறையைக் காலிசெய்து கொடுத்துவிட்டு
நாங்கள் சமையலறையில் படுப்போம்.

எர்காஷ்
மர்கிலான் சந்தைக்கும் ரயிலடிக்கும் நடுவே
ஏழு பேர் வேன் ஓட்டுகிறான்.
ரொட்டி இல்லாத எதையும்
அவன் சாப்பாடு என்று சொன்னதில்லை.
யாராவது ரொட்டியைக் குப்புற வைத்தால்
எழுந்து போய்த் திருப்பி வைப்பான்.
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து
பதினான்கு புள்ளி இரண்டு.
மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினார்.

மாத்திரையோடு
செப்டம்பரில் காயவைத்த இலையையும் கொதிக்கவைத்து
பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தேன்.
ஒரு வாரம் ஒன்பது. எட்டரை.
பிறகு பதிமூன்று.
பிறகு பழைய எண்ணே திரும்பி வந்து
நாற்காலி போட்டு உட்கார்ந்தது.
"குடிக்கிறாயா?"
"குடிக்கிறேன் ஓய்தின். பிளாஸ்க்கைப் பார், காலி."

ஒரு நாள் அது காலியாக இல்லை.
அடியில் கிடந்ததை மருந்துச் சீசாவில் ஊற்றி
கோட்டுப் பைக்குள் வைத்து ஆய்வகம் கொண்டுபோனேன்.
கடைசிக் குழி. பதிவேட்டில் பெயர் எழுதவில்லை.
முப்பத்தேழு பாகை. அரை மணி.

மஞ்சள்.

பச்சைத் தேநீருக்கும் கொஞ்சம் திறன் உண்டு.
இது மூன்றாம் முறை ஊற்றிய வெந்நீர்,
இலையின் வாசனைகூட இல்லாதது.
மலிவான பொய்.

இரவு போனில் படத்தைக் காட்டினேன்.
காதைச் சொறிந்தான். ரொட்டியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.
"வேனில் ஏழு பேர். ஜனவரி மாதம்.
ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது.
உன் இலை வேலை செய்கிறது ஓய்தின்,
அதுதான் சிக்கல்.
போன வாரம் ஒரு கல்யாண வீட்டு அம்மாள்
பாதி வழியில் இறங்கி
பனியில் நடந்தே போனாள்,
மீதிச் சில்லறை கூடக் கேட்கவில்லை."

எனக்குத் தெரியும்.
மேலே கடிபடாமல் தப்பிய மாவு
கீழே பெருங்குடலில் குடியிருக்கிற கூட்டத்துக்கு விருந்து.
விருந்து என்றால் மேளம் இருக்கும்.
எங்கள் கட்டுரைகளில் இதை
'லேசான வயிற்று அசௌகரியம்' என்று எழுதுவோம்.
அந்த வரியை நான்தான் தட்டச்சு செய்தேன்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
அவன் முதலில் சிரித்தான்.

இப்போது பகலில் இலை இல்லை.
இரவுச் சாப்பாட்டோடு அரைக் கிண்ணம்.
ரொட்டியிலும் பாதியை
அவனே பிய்த்து என் பக்கம் தள்ளுகிறான்,
மேல்பக்கம் மேலே இருக்கும்படி.
மாத்திரையை நான் எண்ணுகிறேன்;
எண்ணுவது அவனுக்குத் தெரியும்.

நேற்று பத்து புள்ளி ஒன்று.
தட்டில் இப்படி ஒரு குழி வந்தால்
மறுபடி செய் என்பார்கள்.

படுக்கும் முன்
ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்கிறோம்.
குளிர்தான்.
போர்வையைத் தன் பக்கம் இழுக்காமல்
விட்டுக்கொடுக்கிறான்.