மதிலுக்கு அங்காலை

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை கிளினிக்.
எண்பத்தேழாம் துண்டு.

இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலை ஒரு மதிலாம்.
உள்ளுக்கை வற்றினதை நேரே குடுத்தால்
மறிச்சுப்போடுமாம்.
அதாலை சாப்பாட்டுச் சத்துமாதிரி வேசம்போட்டு
ஒரு குளிசை போகுதாம்,
போய்த்தான் தன்ரை உரு எடுக்குமாம்.

டொக்டர் பிள்ளை பேப்பரிலை கீறிக் காட்டினா.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
ஓமந்தையிலை நான்
றாத்தல் பாணுக்குள்ளை நாலு பென்டோச் பற்றறி
கொண்டுவந்தனான், பிள்ளை.

“மீனோடை, பருப்போடை போடாதேங்கோ,
எல்லாம் ஒரே வாசலிலை நெரியும்.”
வரிசை எனக்குத் தெரியும்.

கூட இன்னொரு மருந்தும் கலந்திருக்காம்:
வழியிலை ஆரும் உடைக்காமல் காத்துக்கொண்டு
மதிலடி மட்டும் வரும்,
உள்ளுக்குப் போகாது.
அதின்ரை பேரை
ரெண்டுதரம் கேட்டு எழுதினனான்.

விடிய ஆறுக்கு, வெறுவயித்திலை, ஒண்டு.
ஆறு நாப்பதுக்கு
அருமைத்துரையின்ரை வலது பெருவிரல்
ஆட்டத்தை விட்டுது.
சேட்டுப் பொத்தானைத் தானே பூட்டினார்,
ஒரு ஓட்டை மாறி.

நான் திருத்தேல்லை.