எங்கள், நம்

பதினான்கு மாதம் விற்பனைப் பலகை
வேலியில் நின்று வெளுத்தது.
லா லூசியா. ஐந்து படுக்கையறை.
மாடியில் நின்றால்
டர்பன் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும்.
பார்க்க வந்தவர்கள் கடலைத்தான் பாராட்டினார்கள்.
கடல் விலைக்கில்லை.

தரகர் ரூபேந்திரன் படையாச்சி
என் தேநீரைக் குடித்தபடி சொன்னார்:
"இந்த விலைக்கு வாங்குகிறவன் வரமாட்டான்.
வாடகைக்கு வருகிறவனை
வாங்குகிறவனாக ஆக்குவோம், மெதுவாக."
உலை வைத்துவிட்டு அரிசி தேடப் போகிற குரல்.

ஹ்லெங்கிவே ந்துலி வந்தாள்.
மயக்க மருந்து டாக்டர், இரண்டு பையன்கள்.
ஆஸ்பத்திரிச் சம்பளத்தை விட்டுத்
தனியாகத் தொழில் தொடங்கி ஏழு மாதம்.
வங்கி இரண்டு வருடக் கணக்குக் கேட்கிறது.
பணம் இருந்தது, வருடம்தான் இல்லை.
எனக்கோ ஒன்றாம் தேதிதோறும் வீட்டுக்கடன் தவணை,
பெர்த் நகரிலிருந்து
மனைவியின் வக்கீல் அனுப்பும் மரியாதையான கடிதங்கள்.

எழுதிக்கொண்டோம்.
விலை அறுபத்தெட்டு லட்சம் ராண்ட், இன்றே குறித்தது,
ஏறினாலும் இறங்கினாலும் அதுதான்.
அவகாசம் இருபத்துநான்கு மாதம்.
முன்பணம் ஒன்றரை லட்சம், வாங்காமல் போனால் திரும்பாது.
வாடகை ஐம்பத்திரண்டாயிரம்,
அதில் எட்டாயிரம் மாதாமாதம் விலையில் கழியும்.

பேனாவை மூடும்போதுதான் உறைத்தது.
வாங்குவது அவள் இஷ்டம்.
விற்பது என் கடமை.
ஒரு பக்கம் மட்டும் தட்டு மாற்றிய நிச்சயதார்த்தம்.
மாப்பிள்ளை இன்னும் யோசிக்கலாம்;
பெண் வீட்டார் வேறு வரன் பார்க்கக் கூடாது.
நான் பெண் வீட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
"உங்கள் கெய்சர் வெடித்துவிட்டது" என்று அழைத்தாள்.
போனேன். கூரை சொட்டும் இடத்தில் வாளி.
அதற்குப் பின்னால் சுவர் பச்சையாக இருந்தது.
என் டைல்ஸ் கடையிலிருந்து நானே தேர்ந்தெடுத்த தரைக்கு
என் பழுப்புச் சுவர்தான் பொருத்தம்.
வாய் கேட்கவில்லை, கண் கேட்டிருக்க வேண்டும்.
"என் சுவர் நன்றாக இருக்கிறதா?" என்றாள்.

கெய்சர் என்னுடையது. சுவர் அவளுடையது.
நடுவில் ஒழுகிய தண்ணீர் யாருடையதென்று
ஒப்பந்தத்தில் தேடினேன்.

பின்கட்டில் வெண்ணெய்ப்பழக் கன்று ஒன்று,
நீலத் தொட்டியில்.
இவ்வளவு மண் கிடக்கிறதே, ஏன் தொட்டி?
அதையும் கேட்கவில்லை.

நான் இப்போது வெருலத்தில்
இரண்டறை வாடகை வீட்டில் இருக்கிறேன்.
இங்கே ஆப்ஷன் ஒன்றும் கிடையாது.
ஆணி அடிக்க மனுப் போட வேண்டும்.
போடாமலே அடித்த ஒரு ஆணியில்
சட்டை தொங்குகிறது.

இருபத்துமூன்றாம் மாதம்.
எதிர்வீடு அறுபத்தொன்றுக்குப் போனதாம்.
படையாச்சி சொல்கிறார்:
"போனால் போகட்டும், முன்பணம் உங்களுக்கு.
அடுத்த ஆளைப் பிடிப்போம்."
அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை.
பலகையைக் கூடத் தூக்கிப் போடவில்லை,
கார் கொட்டகையில் இருக்கிறதாம்.

நேற்று இரவு அவளிடமிருந்து செய்தி:
நம் கேட் மோட்டார் நின்றுவிட்டது.
இல்லை, அவள் எழுதியது ஆங்கிலத்தில்.
அந்த மொழியில் ஒரே சொல்தான்,
என்னைச் சேர்த்தும் சொல்லலாம், விட்டும் சொல்லலாம்.
எங்கள் கேட் என்றால்
அவளும் பையன்களும் மட்டும், நான் வெளியே.
நம் கேட் என்றால் நானும் உள்ளே,
விற்காதவனாக, இன்னும் தவணை கட்டுகிறவனாக.
எதற்கு ஆசைப்படுவதென்று தெரியாமல்
படுக்கையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

செய்தியோடு ஒரு படம்.
பாதி திறந்து நிற்கும் கேட்,
அதற்குப் பின்னால், ஓரத்தில், கொஞ்சம் பின்கட்டு.
விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.
நீலத் தொட்டியின் விளிம்பு தெரிகிறது.
கன்று தெரியவில்லை.