தலைக்கணக்கு

கதவருகே நின்று எண்ணி ஏற்றினேன்.
நாற்பத்தொன்று.
ஒன்பது நாளில் மூன்று நாடு என்று
ஈரோட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்.
பினாங்குக்கு ஒதுக்கியது ஒரு பகல்;
அதிலும் இட்லி தேடியே ஒரு மணி நேரம் போய்விட்டது.

மணிக்கூண்டின் அடியில் இருபது நிமிடம்.
அறுபதடி உயரம், மகாராணி ஆண்ட ஆண்டுக்கு ஓரடி,
குண்டு விழுந்ததில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது பாருங்கள் என்றேன்.
தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.
பதினோரு வருடமாக
எல்லாரும் ஒரே பக்கம்தான் சாய்க்கிறார்கள்.

திரும்ப ஏறியதும் எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.

குறைந்திருக்கிறது பலமுறை.
சூலியா தெருவில் தொலைந்த ஒரு மாமனாரை
கைக்கடிகாரக் கடையில் பேரத்தின் நடுவே மீட்டிருக்கிறேன்.
கூடியதில்லை.

"நானும் எண்ணினேன் மேடம், நாற்பத்திரண்டுதான்"
என்றார் தணிகாசலம்,
கூட்டுறவு வங்கியில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்ந்தவர்.
விமானம் ஏறிய நாளிலிருந்து
இப்படியொரு பிழைக்காகவே காத்திருந்த முகம்.

கடைசி வரிசை, இடப்பக்க ஜன்னல்.
துப்பட்டாவுக்குள் ஒரு தூக்கம்.
விலக்கினால் நீல மேலங்கி,
கழுத்து அட்டையில் விமலேஸ்வரி.
கண் திறந்து கேட்டாள்:
"புக்கிட் மெர்தாஜாம் வந்துருச்சா?"
வெளியே கோட்டை மதில்மேல் ஒரு பீரங்கி.

ஓட்டுநர் அட்னான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.
வார நாளில் இதேதான் ஃபேக்டரி பஸ்.
4417, அதே இருக்கை, ஆறு வருடம்.
ஹோட்டல் வாசலில் நின்றதில் முதல் ஆளாக ஏறியிருக்கிறாள்;
சனிக்கிழமைக்கு வேறு வண்டி என்பது
இரவு வேலை முடித்த கண்ணுக்குத் தெரியவில்லை.

இறக்கிவிடட்டுமா என்றேன்.
வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.
"சோறு மட்டும் ஆக்கிக்க, ஃப்ரிட்ஜ்ல மீன் இருக்கு" என்று
யாருக்கோ சொல்லிவிட்டு என்னிடம்,
"கொடிமலைக்குப் போவீங்களா?
தினம் ரெண்டு தடவை பாலம் தாண்டுறேன் லா.
திரைய இழுத்துவிட்டுத் தூங்கிருவேன்.
அந்த மலைல ஏறினதே இல்ல."

மலை ரயிலுக்கு நாற்பத்தொரு வெளிநாட்டுச் சீட்டு.
அவள் அடையாளக் கார்டுக்கு ஒரே ஒரு உள்ளூர்ச் சீட்டு.
விலை வித்தியாசத்தைத் தணிகாசலம் குறித்துக்கொண்டார்.

உச்சியில் என் வழக்கமான விரல்:
அது கொம்தார், அது படகுத்துறை, அது பாலம்...
கேட்க ஆளில்லை.
கம்பியோரம் கும்பல்; நடுவே நீல மேலங்கி.

"பாலம் வந்து முட்டுற இடத்துலேர்ந்து சோத்துக்கை பக்கம் வாங்க.
வெள்ளக் கூரை. ஒண்ணு, ரெண்டு, மூணாவது.
அதான்."
அங்கே என்ன வேலை என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.
"சிப்பு. நகத்துல பாதிகூட இருக்காது.
பெரிய லென்சுல பார்ப்போம்,
கீறல் இருந்தா தள்ளிருவோம்."
சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கி
அவளே அந்தக் கூரையை வெகுநேரம் பார்த்தாள்,
தள்ளுவதா வைப்பதா என்பதுபோல.

ஈரோட்டு ஃபோன்கள் எல்லாவற்றிலும் அந்தக் கூரை.
பெரிதாக்கினால் வெறும் வெளிச்சம்.

இரண்டரை மணிக்குப் படகுத்துறையில் இறங்கினாள்.
யாரோ முறுக்குப் பொட்டலம் திணித்தார்கள்.
"வேணாங்க்கா, உள்ள எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க"
என்றபடியே வாங்கிக்கொண்டாள்.
ஏழு மணிக்கு மறுபடி ஷிஃப்டாம்.
தூங்கவே இல்லையே என்றேன்.
"மணிக்கூண்டு வரைக்கும் தூங்கினேன்ல."

அடுத்த வாரம் மன்னார்குடிக் குழு.
கொம்தார், படகுத்துறை, பாலம் காட்டிய விரல்
தானாகவே வலப்பக்கம் நகர்ந்தது.
வெள்ளைக் கூரை, மூன்றாவது.
என்ன அது, அரண்மனையா என்றார் ஒருவர்.
பதில் யோசிப்பதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

கீழே வந்து பஸ்ஸில் ஏறி
கடைசி வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.