எந்தச் சரிவில்

கவுஞ்சிக்கு மேலே, பஸ் திணறித் திரும்பும் வளைவில்
இருபது பேர் சீகை மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றோம்.
பேனரில் எழுத்து என் கை:
மரத்தை வெட்டாதே!
ஆச்சரியக்குறிக்குச் சிவப்பு போதாமல்
குங்குமத்தைக் கரைத்து முடித்தேன்.
பேப்பரில் படம் வந்தது.
பின்னால் நின்ற குதிரைகூட கேமராவைப் பார்த்திருந்தது.

குணசுந்தரி அன்று எங்களோடு நிற்கவில்லை.
கீழே ஓடைக்குள், முழங்கால் விறைக்க,
முக்கோணமாய் வெட்டிய தகரத்தின் வழியே
எத்தனை சென்டிமீட்டர் வழிகிறது என்று குறித்துக்கொண்டிருந்தாள்.
"இது புல்மேட்டு ஓடை. அது உங்க மரத்து ஓடை."
நோட்டை நீட்டினாள். பங்குனி மாதத்து எண்கள்.
புல்லின் பக்கம் ஏழு, ஆறரை, ஆறு.
எங்கள் பக்கம்
கோடு, கோடு, கோடு.

வெட்கம் வந்தால் எனக்கு வேகமும் வரும்.
அடுத்த மாதமே புதுத் துணி:
அந்நியச் சீகையே வெளியேறு!
அதே தூரிகை. இந்தமுறை
சிவப்பு போதுமான அளவு வாங்கியிருந்தேன்.

அதற்கும் அவள் வரவில்லை.
தேடிப் போனால்
சீகைக் காட்டுக்குள் குப்புறக் கிடக்கிறாள்,
பிளம்பர் குழாயில் செய்த சதுரச் சட்டத்துக்குள்
தலையை விட்டபடி.
"நாவல் மூணு. காட்டு லவங்கம் ஒண்ணு.
பேர் தெரியாதது ஒண்ணு, இலை எடுத்துக்க."
விரல் உயரச் சோலைக் கன்றுகள்,
நாங்கள் விரட்ட வந்த மரத்தின் நிழலில்.
"மொத்தமா வெட்டினா இதுவும் கருகும்.
மண்ணுக்குள்ள சீகை விதை தூங்குது.
வெயில் பட்டா நூறு போன இடத்துல ஆயிரம் எழும்பும்."

"அப்போ வெட்டலாமா, கூடாதா?"

"எந்தச் சரிவுல?"

அன்றிரவு எழுதிப் பார்த்தேன்:
புல்மேட்டு விளிம்பில் பிடுங்கு,
சோலையோரம் விடு,
ஓடைக்கரையில் கொஞ்சமாய் வெட்டி
ஐந்து வருஷம் பொறு.
துணி போதவில்லை.
கோஷம் போடுகிற ஜெபமாலை
இரண்டாம் வரியிலேயே மூச்சுவாங்கினான்.

காட்டின்மேல் எனக்கிருந்த ஆசை பொய்யில்லை.
ஆனால் கட்டிப்பிடித்தவன்
மரத்தின் முகத்தையே பார்க்கவில்லை.

இப்போது டேப்பின் மறுமுனை என் கையில்.
சாக்ஸுக்குள் அட்டை. பன்னிரண்டு மணிக்கே மூடுபனி.
சட்டத்துக்குள் எண்ணிச் சொன்னேன்: நாற்பத்தொன்று.
"இன்னொரு தடவை எண்ணு."
எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
முதல் எண்ணை அடித்து, பக்கத்தில் எழுதினேன்,
பென்சிலால்.
மழையில் கரையாதது அதுதானாம்.